12 அடியா, 14 அடியா? முதல் அலுமினியப் படகு வாங்கும் முறை

சிங்கப்பூரில் முதல் படகு தேடுபவர் கடைசியில் இரண்டுக்கு நடுவே வந்து நிற்பார். ஒன்று, அடி தட்டையான 12 அடி ஜான் போட். இன்னொன்று, அடி கூராக இறங்கும் 14 அடி வி-ஹல். விலையை அப்புறம் பேசலாம்.

படி 1: எந்தத் தண்ணீர்?

தட்டைப் படகில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம், அதிகம் ஆடாது. ஆழமில்லாத சதுப்பு ஓரம் வரை போகும். ஆனால் நம் கடலில் காற்றே இல்லாத நாளிலும் அலை உண்டு. சாங்கிக்கும் புலாவ் உபின் தீவுக்கும் இடையே ஆளேற்றும் சிறு மோட்டார் படகான பம்போட் ஓயாமல் ஓடுகிறது. தெற்கே ஃபெர்ரிகளும் கப்பல்களும். அவை கிளப்பிவிடும் அலையில் தட்டை அடி ‘டப் டப்’பென்று அறையும், முதுகு பதில் சொல்லும். வி-ஹல் அலையைக் கிழித்துப் போகும். நிறுத்திவைத்தால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வரும், கொடுவா தேடிக் கிளம்பும் அதே நேரத்தில். என்னைக் கேட்டால், கரையை விட்டு விலகுவதாக இருந்தால் வி-ஹல்தான்.

படி 2: தகடும் இணைப்பும்

தகடுகளை ரிவெட் ஆணியால் இணைத்த படகு லேசானது, மலிவு. அடி வாங்க வாங்க ரிவெட் தளரும். வெல்டிங் செய்தது கனம், ஆனால் உறுதி. உப்புத் தண்ணீருக்கு 5052 அல்லது 5083 ரக அலுமினியமா என்று கேளுங்கள்.

பழைய படகென்றால், டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே சில அங்குலம் தண்ணீர் ஊற்றி, அடியில் குனிந்து பாருங்கள். சொட்டும் இடம் தானே தெரியும். விற்பவர் இதற்குத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

படி 3: பின்பலகை

மோட்டாரை மாட்டும் பின்பலகையின் உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 15 அங்குலத்துக்குக் குட்டை ஷாஃப்ட் (மோட்டாரின் தண்டு), 20 அங்குலத்துக்கு நீள ஷாஃப்ட். மாறினால் விசிறி காற்றை இழுக்கும், அல்லது தேவையில்லாமல் ஆழத்தில் இழுபடும். மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியை அழுத்திப் பாருங்கள். பலகை வளைந்தால் உள்ளிருக்கும் மரம் உளுத்திருக்கலாம்.

படி 4: அரிப்பு

வெள்ளைப் பொடியும் குழியும் தெரிகிறதா? செம்பு கலந்த பெயிண்டை அலுமினியத்தில் பூசவே கூடாது. படகுக்குள் உருண்டு கிடக்கும் தூண்டில் ஈயக் குண்டுகூட உப்புத் தண்ணீரில் தகட்டைத் தின்னும். நம் தூண்டில்காரர்கள் அதைப் பொறுக்கி எடுப்பதே இல்லை! தகட்டுக்குப் பதிலாகத் தான் தேயவென்றே பொருத்தும் உலோகத் துண்டான அனோடு மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: தாள்கள்

மோட்டார் படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஓட்டுபவருக்குத் தனி உரிமம். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிறுத்த முடியாது என்பதால், நிறுத்துமிட வாடகையையும் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். 14 அடிக்கும் 12 அடிக்கும் வாடகை வேறுபட்டால், அந்த வித்தியாசத்தை ஓர் ஆண்டுக்குப் பெருக்கி, விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.