ஒகேனக்கல் போகும் கேமராவுக்கு ஒரு தோள்பை

தோள்பை வாங்கப் போகும்போது கேமராவையும் கடைக்குக் கொண்டுபோங்கள். லென்ஸை மாட்டியபடியே உள்ளே வைத்து, ஜிப் சிரமமில்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு கேமரா, கூடுதலாக ஒரு லென்ஸ், 2 பேட்டரி, இவ்வளவுக்கு இடம் இருந்தால் போதும். பை பெரிதானால் எதையாவது திணிக்கத்தான் மனம் போகும். மாலைக்குள் தோள் கடுத்துவிடும். பட்டை அகலமாகவும், உடம்புக்குக் குறுக்கே மாட்டும் நீளத்திலும் இருக்கட்டும்.

ஒகேனக்கல்லில் பெரிய கவலை தண்ணீர்தான். அருவிக்கு அருகே சாரல் மழைபோல் அடிக்கும். பரிசலின் அடியிலும் நீர் தேங்கும். ‘நீர் புகாது’ என்று விற்கும் பல பைகளில் துணி மட்டுமே நீரைத் தடுக்கும், தையலிலும் ஜிப்பிலும் கசியும். ஆகவே மேல்மூடி ஜிப்பை முழுவதும் மறைத்துப் பக்கவாட்டிலும் மடிந்து இறங்கும் பையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மழையுறையும் சேர்ந்து வந்தால் மிக நல்லது. பரிசலில் ஏறும் முன் கேமராவைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடிப் பைக்குள் வையுங்கள். உயிர்காப்பு அங்கியை முதலில் அணிந்துகொண்டு, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டாம்.

வீடு திரும்பியதும் அன்றிரவே பையைக் காலிசெய்து, திறந்தபடி காற்றாட உலர்த்துங்கள். ஈரப் பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.