இங்கிலாந்து மன்னரின் அதிகாரம் எப்படிச் சுருங்கியது? கஜானா வழியாகப் படிக்கும் முறை

இங்கிலாந்து வரலாற்றைப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மன்னர்களின் பட்டியலில் தொடங்கி, பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். பட்டியலை ஓரமாக வையுங்கள். மன்னருக்குப் பணம் தேவைப்பட்டபோதெல்லாம் எதிர்த்தரப்பு பதிலுக்கு என்ன கேட்டு வாங்கியது என்று மட்டும் பாருங்கள். எனக்கு இந்த வரலாறு பிடிபட்டது இப்படித்தான்.

படி 1: அட்டவணை போடுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: ஆண்டு, மன்னர் கேட்டது, பதிலுக்கு விட்டுக்கொடுத்தது. செயலி எதுவும் வேண்டாம், பெரிய நோட்டே போதும். வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விடுங்கள், பிறகு சேர்க்க வேண்டியிருக்கும். காணொளிகளைவிடச் சட்ட வாசகமே நல்லது என்பேன். காணொளிகள் போர்க்களத்திலேயே நேரத்தைக் கழித்துவிடும். உரிமைகள் மசோதா (1689-இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சட்டம்) பிரிட்டிஷ் அரசின் சட்ட இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 2: முதல் இரண்டு பதிவுகள்

1215: ரன்னிமீடில் ஜான் மன்னர், மன்னருக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா என்ற சாசனத்துக்கு இணங்கினார். சில வாரங்களிலேயே போப் அதை ரத்து செய்துவிட்டார். 1225: மூன்றாம் ஹென்றி அதை மறுபடி வெளியிட்டு, பதிலுக்கு ஒரு வரியைப் பெற்றார். 1215-ஐ எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் பண்டமாற்று தெளிவாகத் தெரிவது 1225-இல்தான், அதற்கு அடிக்கோடு போடுங்கள்.

படி 3: முதலாம் சார்லஸ்

புதிய மன்னருக்குச் சுங்க வரியை ஆயுள் முழுவதற்கும் அனுமதிப்பது நெடுநாள் வழக்கம். 1625-இல் காமன்ஸ் சபை (நாடாளுமன்றத்தின் கீழவை) சார்லஸுக்கு ஒரே ஒரு ஆண்டுக்குத்தான் தர முன்வந்தது. அந்த மசோதா நிறைவேறவில்லை, மன்னர் அனுமதி இல்லாமலேயே வசூலித்தார். 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. அப்புறம் செலவுக்கு? கடற்படைக்காகக் கடலோர ஊர்களிடம் வாங்கிவந்த ‘கப்பல் பணம்’ என்ற வரியை உள்நாட்டுக்கும் விரித்தார். கடலே இல்லாத பக்கிங்ஹாம்ஷயரில் ஜான் ஹாம்ப்டன் 20 ஷில்லிங் கட்ட மறுத்தார். வழக்கில் நீதிபதிகள் 7-க்கு 5 என்று மன்னர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஐந்து நீதிபதிகள் மன்னருக்கு எதிராக நின்றதுதான் ஊர் முழுக்கப் பேச்சானது. ஸ்காட்லாந்துடன் மூண்ட போருக்கு இந்தப் பணம் போதாமல், 1640-இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆகவேண்டிய நிலை வந்தது. உள்நாட்டுப் போர், 1649-இல் மன்னருக்கு மரண தண்டனை, 1660-இல் மீண்டும் மன்னராட்சி. இவற்றுக்கு நோட்டில் ஒரே ஒரு வரி போதும்.

படி 4: 1689, இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்

குழப்பம் வருவது இங்கேதான். மன்னரின் தலையையே வெட்டிய பிறகும் அதிகாரம் ஏன் திரும்பிவந்தது? 1685-இல் பட்டம் ஏறிய இரண்டாம் ஜேம்ஸுக்கு நாடாளுமன்றம் சுங்க வரியையும் கலால் வரியையும் ஆயுளுக்கே அள்ளிக் கொடுத்திருந்தது. அந்த வருமானம் இருந்ததால்தான் சபையை ஒதுக்கிவிட்டு ஆள அவரால் முடிந்தது.

1688-இல் அவர் நாட்டைவிட்டு ஓடி, அவருடைய மகள் மேரியும் மருமகன் வில்லியமும் அரியணை ஏறியபோது மூன்று பூட்டுகள் விழுந்தன. ஒன்று, உரிமைகள் மசோதா: நாடாளுமன்ற அனுமதியின்றி வரி வசூலிப்பதும், அதே அனுமதியின்றி அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை வைத்திருப்பதும் சட்டவிரோதம். இரண்டு, மியூட்டினி சட்டம்: படைவீரர்களை ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கும் அதிகாரத்தைக் குறுகிய காலத்துக்கு மட்டுமே கொடுத்தது. புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். மூன்று, 1690-இல் சுங்க வரி நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

முதல் பூட்டு காகிதத்தில் எழுதிய தடை. அப்படிப்பட்ட தடைகளை மன்னர்கள் முன்பும் மீறியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் காலக்கெடு இருந்தது, என் கணிப்பில் அவைதான் மன்னரைக் கட்டிப்போட்டன. பிரான்ஸுடன் போர் நடந்துகொண்டிருந்ததால் வில்லியத்துக்குப் பணம் நிற்காமல் தேவைப்பட்டது. 1689-க்குப் பிறகு நாடாளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை.

படி 5: மீதியை வேகமாக நிரப்புங்கள்

1701: நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகளை மன்னர் நீக்க முடியாது என்ற விதி. 1708: ஆன் அரசி ஸ்காட்லாந்து மிலீஷியா (குடிமக்கள் படை) மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார், அதற்குப் பிறகு எந்த மன்னரும் மறுத்ததில்லை. 1834: மன்னர் நான்காம் வில்லியம், பிரதமர் மெல்போர்னின் அமைச்சரவையை நீக்கி, பீலைப் பிரதமராக அமர்த்தினார். சபையில் பெரும்பான்மை இல்லாமல் பீல் சில மாதங்களில் விலக, மெல்போர்னே திரும்பிவந்தார்.

பின்சேர்க்கை: சட்டத் தளத்தில் 1689 என்று தேடினால் உரிமைகள் மசோதா வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே அதன் பெயரில் 1688 என்றுதான் இருக்கும். அந்நாளில் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. சட்டத்துக்கும் அது நிறைவேறிய நாளை விட்டுவிட்டு, கூட்டத்தொடர் தொடங்கிய நாளையே போட்டார்கள். அந்தத் தொடர் தொடங்கியது நம் கணக்கில் 1689 பிப்ரவரி, அவர்கள் கணக்கில் இன்னும் 1688. அட்டவணையில் 1689 என்றே எழுதிக்கொள்ளுங்கள், தேடும்போது மட்டும் 1688 போடுங்கள்.