வாசலில் கழற்றிய சப்பாத்து: கால் தாங்கி அணிபவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், லாசா என்ற ஊருக்குப் போகும் சாலையோரத் தாமான் (குடியிருப்பு) ஒன்றில் ஓர் ஐயா இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியே காலம் கழித்தவர். பக்கவாதம் வந்து வலது பாதம் தொங்கிப்போனது. அவருக்குக் கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கி செய்து கொடுத்தோம். மருத்துவமனைத் தாள்களில் அதன் பெயர் ஏ.எஃப்.ஓ.; எங்கள் ஊரில் ‘காலுக்குப் போடுகிற பிளாஸ்டிக்’. கொடுத்த அன்று அழகாக நடந்து காட்டினார். மூன்றாம் வாரம் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார்: “அப்பாவுக்கு முழங்காலுக்குப் பின்னால் வலி, அண்ணா. பிளாஸ்டிக்கைத் தொடவே மாட்டேன் என்கிறார்.”

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காரணம் வாசற்படியிலேயே கிடந்தது. சப்பாத்தை அங்கே கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கோடு பளிங்குத் தரையில் நடந்துகொண்டிருந்தார். செருப்போடு வீட்டுக்குள் நுழைவது நமக்கு வழக்கமில்லையே. அவர்மீது குற்றமே இல்லை. நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தத் தவற்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு குதிகால் தரையைத் தொட்டது முதல் அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் வரை ஒரு நடைச் சுற்று. அதில் ஏறக்குறைய 60 விழுக்காட்டு நேரம் அந்தக் கால் உடலைத் தாங்குகிறது. மிச்சம் 40 விழுக்காட்டு நேரம் காற்றில் வீசிப் போகிறது. அப்படி வீசும்போது கால்விரலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டத்தில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசை செயலிழந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். விரல் தரையில் தட்டி ஆள் விழுவார். தாங்கி பாதத்தைத் தூக்கிப் பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. கால் தரையில் ஊன்றியிருக்கும்போது கணைக்கால், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி, எவ்வளவு முன்னே சாயலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. முழங்காலின் கதி அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

அந்தச் சாய்வு சப்பாத்தின் குதிகால் உயரத்தோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் மாறினால் கணைக்கால் மூன்று நான்கு பாகை சாயும். இரண்டு சென்டிமீட்டர் குதிகாலுள்ள சப்பாத்துக்காகச் செய்த கெட்டியான தாங்கியைச் சப்பாத்து இல்லாமல் போட்டால், கணைக்கால் ஏழு பாகை பின்னே தள்ளப்படும். ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் பின்பக்கமாக வளையும். ஐயாவின் வலி அங்கிருந்துதான் வந்தது. குதிகால் உயரமான சப்பாத்துக்கு மாறினால் இதற்கு நேர்மாறு: முழங்கால் முன்னே மடங்கி, மேட்டிலிருந்து இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். போதாக்குறைக்கு, வெறும் பிளாஸ்டிக் ஈரத் தரையில் வழுக்கும்.

ஐயாவின் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள, அதே குதிகால் உயரத்தில் ஒரு புதுச் சப்பாத்து வாங்கினோம். வாசலைத் தாண்டி வெளியே போகாத சப்பாத்து. அவருடைய வீட்டம்மாவும் ஒப்புக்கொண்டார். சாமி அறைக்கும் கோயிலுக்கும் அது ஒத்துவராது என்றால், தாங்கியின் அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டி, குதிகாலுக்குக் கீழே ஓர் ஆப்பும் வைத்துத் தரும்படி கேளுங்கள். செய்யக்கூடிய வேலைதான். வாய்விட்டுக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது பட்டை கட்டும் முறை. காலை நீட்டி உட்கார்ந்து தாங்கியை மாட்டக் கூடாது. முழங்காலை நன்றாக மடக்கினால் கெண்டைத் தசை தளரும்; அப்போதுதான் குதிகால் தாங்கியின் பின்மூலை வரை போய் உட்காரும். முதலில் கணுக்கால் பட்டை, பிறகு மேல் பட்டை. மேல் பட்டையை முதலில் இறுக்குகிறவர்களுக்குக் குதிகால் உள்ளே ஏறி ஏறி இறங்கும். இரண்டே நாளில் கொப்புளம் வரும். எப்படி மாட்டினாலும் குதிகால் கீழே இறங்கவில்லை என்றால், கெண்டைத் தசை இறுகிச் சுருங்கியிருக்கலாம். பட்டையை இன்னும் இழுத்துக் கட்டுவது அதற்குத் தீர்வாகாது. இயன்முறை சிகிச்சையாளரிடம் போய்த் தசையை நீட்டும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். தாங்கி கிடைத்ததும் பயிற்சியை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. சுருங்கிய தசையைத் தாங்கி நீட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் நாளே காலை முதல் இரவு வரை போடாதீர்கள். ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது. செய்தவரிடம் திரும்பக் கொண்டு வாருங்கள். தாங்கியைவிட உயரமான, சுருக்கம் விழாத பருத்திக் காலுறை கட்டாயம் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றினாலும் தகும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதைவிடக் கண்டிப்பானது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அது இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். நரம்பு மரத்த பாதம் வலியைச் சொல்லாது. பால்மரக் காட்டில் முள் குத்தியதைச் சாயங்காலம் இரத்தம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். இவர்கள் தோலைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும், பாத வளைவைத் தாங்குகிற கெட்டியான திண்டைச் சப்பாத்துக்குள் வைத்துவிடாதீர்கள். அது அழுத்தும் இடத்தில் புண் வரும். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கிறதா? வலி இல்லையே என்று நடந்து திரிய வேண்டாம். உள்ளே எலும்பு நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அதில் எடை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறந்துபோன தாத்தாவின் தாங்கியை அத்தைக்குக் கொடுப்பதும் நடக்கிறது. பணம் போட்டுச் செய்த பொருள் வீணாகக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் அது தாத்தாவின் காலை வார்ப்பெடுத்து, அவருடைய எடைக்கும் தசைக்கும் ஏற்பச் செய்தது. இறுக்கமாக இருக்கிறது என்று அடுப்பில் காட்டி வளைப்பதும் வேண்டாம். ஓர் இடம் விரிந்தால் இன்னோர் இடம் கோணும். குறைந்த சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கில் செய்த சில தாங்கிகள் 60, 70 பாகை சூட்டிலேயே உருமாறிவிடும். வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் அவற்றை விட்டுப் போகாதீர்கள்.

குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று பதறி வருகிற பெற்றோர் பலர். நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். பெருவிரல் மேலே மடங்கும்போது உள்ளங்கால் தசைநார் கயிறுபோல் இழுபட்டு வளைவு எழும். ஹிக்ஸ் என்கிற ஆய்வாளர் 1954-இல் விளக்கிய இயக்கம் இது. வளைவு எழுந்து, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் எதுவும் போட வேண்டியதில்லை, ஓடியாடட்டும்.

முழங்கால் தேய்மானத்துக்கு மருந்துக் கடையில் வாங்கும் மீள்துணி உறை கதகதப்பும் தெம்பும் தரும். மூட்டுக்குள் இருக்கும் சுமையைப் பெரிதாக மாற்றாது. அதைவிட ஊன்றுகோல் உதவும், சரியான கையில் பிடித்தால். வலது முழங்கால் வலிக்கிறதா? கோல் இடக்கையில் இருக்க வேண்டும். வலது கால் ஊன்றும்போது கோலும் சேர்ந்து ஊன்றி எடையை வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சந்தையில் பாதிப் பேர் வலிக்கிற பக்கத்துக் கையில்தான் பிடித்து நடக்கிறார்கள்.

சம்பளத்தில் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் செய்யப்பட்ட தொழிலாளிக்கு வேலையில் காயம் பட்டிருந்தால், கைப்பணத்தில் இணையத்தில் வாங்குவதற்கு முன் சொக்சோவின் மறுவாழ்வு உதவியைக் கேளுங்கள். ஓ.கே.யு. அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ளவர்கள் சமூக நலத் துறையிடமும் விசாரிக்கலாம்.

அளவெடுக்க வரும் நாளில் புதுச் செருப்பைப் போட்டு வருகிறார்கள், மரியாதைக்காக. அது வேண்டாம். தினமும் போடும் சப்பாத்தைக் கொண்டு வாருங்கள், அடி தேய்ந்திருந்தாலும், செம்மண் ஒட்டியிருந்தாலும். தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் போடுகிறவர் அதையும் பையில் எடுத்து வரட்டும். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் காலைப் பார்ப்பேன்.