கடல் காப்பகத்துக்குக் கோடு கிழிக்கிறீர்களா? முதலில் முகத்துவாரத்தைப் பாருங்கள்

மீன்பிடிப்பைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ வைக்கிற கடல் காப்பகத்துக்கு, மீன் எங்கே நிறைய கிடைக்கிறதோ அங்கே எல்லை போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு கூட்டத்தில் அழகாக நீல மை பூசிய வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். நீலம் என்றால் காப்பகம். ஏரி முழுக்க நீலம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மட்டும் கோட்டுக்கு வெளியே. பின்னால் நின்ற வலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஏன் சிரிப்பு என்றால், ஏரியில் பிடிக்கிற வெள்ளை இறால் ஏரியில் பிறப்பதில்லை. தாய் இறால் கடலில் முட்டை விடும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் நீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்கே போய்விடும். மடவையும் கடலில்தான் முட்டையிடும், சேற்று நண்டில் சினை நண்டு குஞ்சு பொரிக்கக் கடலுக்குப் போகும். கொடுவா கதை இன்னும் விசேஷம்: பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன் அது. அது முட்டையிட வருவதும் உப்பு ஏறிய முகத்துவாரத்துப் பக்கம்தான். உள் ஏரியைப் பூட்டிவிட்டு முகத்துவாரத்தில் வலையை விட்டுவைத்தால் தாய் மீனாகப் பார்த்துப் பொறுக்குகிற மாதிரி ஆகிவிடும். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொள்ளும் வருஷத்தில் எந்தக் கோடும் உதவாது, அது தனிக் கவலை.

அடுத்த தவறு, பகலில் மட்டும் பார்ப்பது. பவளப்பாரில் பகல் முழுக்கக் கூட்டமாக நிற்கும் சில வகை மீன்கள் பொழுது சாய்ந்ததும் கடற்புல் வெளிக்கு மேயப் போய் விடியலில்தான் திரும்பும். பவளப்பாரை மட்டும் காத்துப் புல்வெளியை இழுவைவலைக்கு விட்டால் வீட்டைக் காத்து அடுப்படியை இடித்த கதை. மீன் எங்கே போகிறது என்று அறிய அதன் வயிற்றில் ஒலிக்கருவி வைத்துத் தைத்து, கடலடியில் ஒலிவாங்கி போட்டுக் கேட்கிறார்களே, அதிலும் கவனம் வேண்டும். ஒலிவாங்கிக்குச் சில நூறு மீட்டர்தான் காது கேட்கும், அதனால் சத்தம் வரவில்லை என்றால் மீன் ஊரைவிட்டே போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம் அளவு. காப்பகம், காக்க நினைக்கும் மீன் வழக்கமாகச் சுற்றும் பரப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல், எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும் என்பது பவளப்பார் மீன்களை வைத்து 2015-இல் ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு. சூரை மாதிரி கடல் கடந்து ஓடுகிற மீனுக்குச் சின்னக் காப்பகம் போட்டு என்ன பயன்? அதற்கு வலைக் கட்டுப்பாடும் பருவத் தடையும்தான் சரி. ஒரு பாரிலேயே கிடக்கும் மீனுக்குச் சில சதுர கிலோமீட்டரே பெரிய உலகம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

எல்லை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். உலகம் முழுக்க 87 காப்பகங்களை ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வில், மீன்பிடிக்க முழுத் தடை, நல்ல காவல், பத்து வருஷத்துக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழ்நீரோ மணலோ சுற்றி வளைத்த தனிமை என்ற ஐந்தில் நாலைந்து அமைந்தவைதான் நல்ல பலன் தந்தன. மணல்வெளி குறுக்கே வந்தால் பார் மீன் அதைத் தாண்டத் தயங்கும். தொடர்ந்து ஓடும் பாரின் நடுவே கோடு போட்டால் சாதாரணமாக நீந்தி வெளியே வரும். பக்கத்து வலைக்கு மீன் வழிய வேண்டும் என்பதே உங்கள் நோக்கமென்றால் அப்படியே போடலாம், தப்பில்லை, ஆனால் தெரிந்து போடுங்கள்.

மாநில எல்லையைக் காப்பக எல்லையாக்குவதையும் விடுங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, எல்லை தாண்டி ஆந்திரத் தடா எங்கே ஆரம்பிக்கிறது என்று மடவைக்குத் தெரியாது. கடலில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இரு பக்கமும் ஒன்றாகத்தானே நடக்கிறது, ஏரிக்கும் அப்படிப் பேசி வைத்தால் என்ன?

கடைசியாக, பாடு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு இது, இறால் ஓட்டம் உள்ள முகத்துவாரத்துப் பக்கமே முக்கியப் பாடுகள் இருக்கின்றன. அங்கே வருஷம் முழுக்கப் பூட்டு போட்டால் மீனுக்கு முன் மனிதர்கள் வெளியேற வேண்டியிருக்கும். குஞ்சு ஏறும் நாளும் சினை இறங்கும் நாளும் பாடு வைத்திருப்பவருக்கு அத்துப்படி, அந்த நாட்களுக்கு மட்டும் வலையை எடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் நீல மையை எடுங்கள்.