புதுப் பாத்திர ஸ்டிக்கர், சுங்குடிச் சேலை டேக்

மதுரை மாசி வீதியில் வாங்கிய எவர்சில்வர் தட்டில் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள். தாள்தான் கிழியும், பசை அப்படியே நிற்கும். தட்டை இடுக்கியால் பிடித்து, ஸ்டிக்கருக்கு நேர் மறுபக்கத்தைச் சிறு தீயில் 10 நொடி காட்டுங்கள். பசை இளகியதும் ஓரத்தைத் தூக்கி, பின்னால் மடக்கி மெதுவாக இழுத்தால் முழுசாக உரிந்து வரும். கூடுதலாகச் சூடேறினால் பசை கருகிவிடும், தட்டும் நிறம் மாறும். மிச்சப் பிசுக்கில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, 10 நிமிஷம் கழித்துத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

சுங்குடிச் சேலையில் டேக் மாட்டிய பிளாஸ்டிக் நரம்பை இழுத்தால் நூல் விலகி ஓட்டை விழும். நகவெட்டியால் நறுக்கிவிட்டு, மடிப்புக்குள் கிடக்கும் குறுக்குத் துண்டையும் தேடி எடுங்கள்; கட்டும்போது குத்தும்.