டென்மார்க் போராளி ஒருவரின் வாழ்க்கையை ஆறு பலகையில் வைப்பது எப்படி

மதுரைப் பக்கம் பள்ளி வரலாற்று மன்றத்திலோ ஊர் நூலகத்திலோ கண்காட்சி வைக்க நினைப்பவர்களுக்கான குறிப்பு இது. எடுத்துக்கொண்ட ஆள் கிம் மால்ட்டே-புரூன். இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கைப் பிடித்துக்கொண்ட நாஜி ஜெர்மனியை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடியவர். 1923 ஜூலை 8 அன்று கனடாவில் பிறந்து, சிறுவயதிலேயே தாயோடு டென்மார்க் வந்து, பதின்வயதில் கப்பல் வேலைக்குப் போனவர். 1944 டிசம்பர் 19 அன்று நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டப்போ அவரைக் கைது செய்தது. 1945 ஏப்ரல் 6 அன்று கோபன்ஹேகனின் ரியுவாங்கனில் சுட்டுக் கொன்றார்கள். வயது 21. டென்மார்க் விடுதலையானது அதற்கு 29 நாள் கழித்து, மே 5 அன்று.

பெயரில் 'மால்தே' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். டேனிஷ் மொழியில் அந்த இடத்தில் 'ட்' ஒலிதான்.

முதலில் ஒரு நோட்டில் தேதிகளை மட்டும் மூன்று பத்தியாக எழுதுங்கள்: தேதி, நாட்டில் நடந்தது, அன்று கிம்முக்கு என்ன வயது. 1940 ஏப்ரல் 9, ஜெர்மனி உள்ளே நுழைகிறது, வயது 16. 1943 ஆகஸ்ட் 29, டென்மார்க் அரசு பதவி விலகுகிறது, வயது 20. அதே ஆண்டு செப்டம்பரில், எதிர்ப்புக் குழுக்களை ஒருங்கிணைக்கும் சுதந்திர மன்றம் அமைகிறது. பிளஸ் ஒன் பிள்ளைக்கு 16 என்ற எண் எந்த விளக்கத்தையும் விட வேகமாகப் புரியும்.

நாடு செய்ததையும் ஆள் செய்ததையும் கலந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 1943 அக்டோபரில் ஏறத்தாழ 7,200 யூதர்களைப் படகில் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றியது பல ஊர் மீனவர்களும் மருத்துவர்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்த வேலை. அதைத் தூக்கி கிம்மின் தலையில் வைக்கக்கூடாது. நாஜிகள் பல நாடுகளில் யூதர்களை அடையாளத்துக்காக அணிய வைத்த மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் மன்னர் பத்தாம் கிறிஸ்டியனும் அணிந்துகொண்டார் என்ற கதையும் வேண்டாம். டென்மார்க்கில் அந்த நட்சத்திரத்தை யார் மீதும் திணிக்கவே இல்லை.

தலைமறைவு வாழ்க்கை என்பதே தடயம் விடாத வாழ்க்கை. மாற்றுப் பெயர், வாய்மொழி உத்தரவு, படித்ததும் எரித்த சீட்டு. கிம் 1944-இல் கப்பலை விட்டிறங்கி ஆயுதம் கடத்தும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சில மாதங்களுக்குச் சிறைக்காலத்தைப் போலத் தாள் கிடைக்காது. கற்பனை உரையாடலால் அந்த இடைவெளியை நிரப்பினால் மீதி ஐந்து பலகையையும் யாரும் நம்பமாட்டார்கள். நான்காம் பலகையில் பாதியை வெறுமையாக விட்டு, ஏன் வெறுமை என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். பார்க்க வருபவர்கள் அதன் முன்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

ஐந்தாம் பலகை சிறைக் கடிதங்களுக்கு. தாய்க்கும் காதலிக்கும் அவர் எழுதியவற்றைப் போர் முடிந்த 1945-லேயே தாய் நூலாக்கினார். ஆங்கில மொழிபெயர்ப்பை அப்படியே தமிழாக்கி ஒட்டாதீர்கள். மூலத்தின் உரிமைக்காலம் முடிந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. டேனிஷ் மூலத்தை இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'aa' என்று இரட்டையாக எழுதினார்கள், பிறகுதான் அதற்குப் பதிலாகத் தலையில் வட்டம் வைத்த 'å' என்ற ஒற்றை எழுத்து வந்தது. இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் பாதி கிடைக்காது.

ஆறாம் பலகை மதுரைக்கு. இரண்டு வரிசையாகக் காலக்கோடு போடுங்கள். மேலே டென்மார்க், கீழே நம் ஊர். இங்கே தயங்காமல் எழுத வேண்டியது ஒன்று உண்டு. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' என்றவர்களைச் சிறையில் தள்ளியது எந்த அரசோ, அதே அரசின் விமானங்கள்தான் டென்மார்க் போராளிகளுக்குப் பாராசூட்டில் ஆயுதம் இறக்கின. கோபன்ஹேகனில் யூதர்களைப் பிடிக்க வேட்டை நடந்தது 1943 அக்டோபர் 1 இரவு. விடிந்தால் காந்தி பிறந்தநாள், அவர் அன்று ஆகா கான் மாளிகைச் சிறையில். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், சமன் செய்யாதீர்கள். கிம் ஆயுதம் ஏந்திய பாதையில் போனவர். தமுக்கத்துக் காந்தி அருங்காட்சியகத்தைப் பார்த்த பிள்ளை அந்த வேறுபாட்டைத் தானே கேட்கும்.

முதல் பலகைக்கு வரைபடம். டென்மார்க்கின் பரப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சுவீடனுக்குக் கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 4 கிலோமீட்டர், பாம்பன் ரயில் பாலத்தைப் போல இரண்டு மடங்கு. படகுகள் பல இதைவிட அகலமான இடங்களில் கடந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அச்சு: 2 × 3 அடி, 5 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த நுரை அட்டை). ஒரு பலகைக்கு 120 சொல்லுக்கு மேல் வேண்டாம். உள்எழுத்து 32 புள்ளிக்குக் குறைந்தால் நான்கடி தள்ளி நிற்பவர் படிக்கமாட்டார். ஓரடி அகலப் படத்துக்குக் குறைந்தது 1,800 பிக்சல் இருக்கட்டும். யூனிகோடு கோப்பை அப்படியே கடைக்குக் கொடுத்தால் பழைய மென்பொருளில் 'கொ', 'கோ' உடைந்து கொம்பு தனியே நிற்கும். எழுத்துரு பதித்த பி.டி.எஃப். கொடுங்கள், ஒரு பலகையை ஏ4-இல் எடுத்துப் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் இரட்டைப்பக்க டேப் நிற்காது. பொடியோடு பெயர்ந்து மதியத்துக்குள் பலகை கீழே கிடக்கும். மேல் மூலை இரண்டிலும் துளை போட்டு, வளையம் அடித்து, நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். பலகையின் நடு தரையிலிருந்து நாலரை அடி. மேற்குச் சன்னல் எதிரே வேண்டாம்.

கிம்மின் நினைவுநாள் ஏப்ரல் 6 தேர்வு நேரத்தில் மாட்டும், மே மாதம் விடுமுறை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபர் முதல் வாரமே தோது.