ஆட்டோ காரில் கியரைக் குறைத்தால் கியர்பாக்ஸ் கெடுமா? மலை இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் கார்களுக்குக் கணக்கில்லை. ஏறுவது பெரிய பாடில்லை. ஞாயிறு மாலை இறங்கி வரும்போது லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் நின்று பாருங்கள். ஏதாவது ஒரு காரிலிருந்து பிரேக் கருகும் வாடை வரும். ஓட்டியவர் மலை மேல் உள்ள ரிங்லெட்டிலிருந்து ஒரே 'டி'யில் (முன்னோக்கி ஓட்டும் நிலை), காலைப் பிரேக்கிலேயே வைத்து வந்திருப்பார். கியரைக் குறைத்திருக்கலாமே என்று கேட்டால், "ஆட்டோ கியர்ல கை வெச்சா கியர்பாக்ஸ் போயிடுமாமே" என்பார். தோட்டத்துப் பக்கம் இந்தப் பேச்சு ரொம்ப நாளாகவே உலவுகிறது.

சரியான வேகத்தில் குறைத்தால் கியர்பாக்ஸ் ஒன்றும் ஆகாது. ஆட்டோ கியர்பாக்ஸைக் கொல்வது சூடும், பழைய எண்ணெயும், வண்டி நிற்பதற்குள் 'ஆர்' (பின்னோக்கு), 'பி' (நிறுத்தி வைக்கும் நிலை) என்று மாற்றும் அவசரமும்தான். இந்த மூன்றையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழி மட்டும் கைப்பிடியில் இருக்கும் 3, 2, 'எல்' என்ற தாழ்ந்த கியர்கள் மேல் விழுகிறது.

மேனுவல் காரில் தாறுமாறாகக் கியரைக் குறைத்தால் கிளட்ச் தட்டு தேயும். அங்கிருந்து வந்த பயம்தான் இது. ஆட்டோ கியர்பாக்ஸின் உள்ளே எண்ணெயில் ஊறிய சிறு சிறு கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். எண்ணெய் அழுத்தம் எந்த அடுக்கை இறுக்குகிறதோ அதற்கேற்ற கியர் விழும். நீங்கள் 'டி'யில் போட்டுவிட்டு தாப்பா பட்டணத்தைச் சுற்றி வந்தாலே, ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் அது நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கையால் 2-க்குத் தள்ளும்போதும் அதே தட்டுகள்தான் இறுகுகின்றன, அதே எண்ணெய்தான் அழுத்துகிறது. எப்போது என்பதை முடிவு செய்தது நீங்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

இன்னொன்றும் உண்டு. பழைய ஆட்டோ கியர்பாக்ஸ் பலவற்றில், 'டி'யில் இருக்கும்போது முதல் கியரைப் பிடித்துக்கொள்வது ஒருபக்கமாக மட்டும் பூட்டும் ஓர் உருளைக் கிளட்ச். எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது அது பிடிக்கும். சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது வழுக்கி விட்டுவிடும். அதனால் 'டி'யில் முதல் கியரில் இருந்தாலும் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. 'எல்' போட்டால் கூடுதலாக ஒரு கிளட்ச் இறுகி, அந்தப் பிடிப்பைத் தருகிறது. இறக்கத்துக்காகவே தயாரிப்பாளர் தனியாக ஓர் ஏற்பாடு செய்து, கைப்பிடியில் எழுத்தும் போட்டிருக்கிறார். மலைச் சாலை ஓரத்தில் 'குனா கியர் ரெண்டா' (தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள்) என்று பலகை நட்டிருக்கிறார்களே, அது மேனுவல் காருக்கு மட்டும் சொன்னதில்லை.

கெடுதல் வரும் இடம்

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் குறைக்கலாமா? கூடாது. வேகம் பார்க்க வேண்டும். நான்கு கியர் உள்ள ஒரு சிறிய ஆட்டோ காரை எடுத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 4-ஆம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றில் ஓடும். 3-க்கு இறக்கினால் 2,200 வாக்கில் வரும். 2-க்கு இறக்கினால் 3,300. எஞ்சின் சத்தம் ஏறும். காது கேட்டதும் மனம் பதறும். ஆனால் 3,300 என்பது எஞ்சினுக்கு வழக்கமான வேலை. அதே 60-இல் 'எல்'லுக்குத் தள்ளினால் கிட்டத்தட்ட 6,000. சிறிய கார்களில் எஞ்சினின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். அங்கே கியர்பாக்ஸைவிட எஞ்சினைத்தான் நினைத்துப் பயப்பட வேண்டும். வால்வுகள் தங்கள் தாளத்தை விட்டுவிட்டால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியில் நிற்கும்.

கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் கைப்பிடியை நகர்த்துவது ஒரு வேண்டுகோள்தான். எஞ்சின் தாங்காது என்று தெரிந்தால் கியர் விழாது. சில கார்களில் 'பீப்' சத்தம் வரும், சிலவற்றில் எண் மட்டும் மினுக்கும். பழைய கார்களில் இந்தக் காவல் ஒன்றுபோல் இருக்காது. உங்கள் காரில் இருக்கிறதா என்று 80-இல் 'எல்' போட்டுப் பரிசோதிக்க வேண்டாம். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு ஒரு படி இறக்குங்கள், எஞ்சின் அடங்கியதும் தேவைப்பட்டால் அடுத்த படி. தாப்பா சாலையில் 3-உம் 2-உமே பெரும்பாலும் போதும். 'எல்' என்பது ஊர்ந்து போகும் செங்குத்து இறக்கத்துக்கு.

வளைவின் நடுவில் குறைப்பது அடுத்த தவறு. கேமரன் சாலையில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் தாரின் மேல் இலையும் மண்ணும் ஒட்டிக் கிடக்கும். நம் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை. கியர் சட்டென்று விழுந்தால் அந்த இழுப்பு முழுவதும், திரும்பிக்கொண்டிருக்கும் அதே முன் சக்கரங்களில் விழும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்குத்தான், எஞ்சின் பிடித்து இழுப்பதால் வரும் வழுக்கலை அது தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், சக்கரம் நேராக இருக்கும்போது.

குறைக்காமல் இருப்பதும் தவறுதான்

ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தாப்பா கிட்டத்தட்டச் சமவெளி. ஆட்களோடும், மேலே வாங்கிய முட்டைக்கோஸ், சோளம், தேயிலைப் பொட்டலங்களோடும் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினிடம் கொடுக்காவிட்டால் அவ்வளவும் பிரேக்கில்தான் இறங்கும்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டோட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். டோட் 4-க்கு அது 230-உம் 155-உம். நம் நாட்டு ஈரக்காற்றில், மூன்று நான்கு வருடம் மாற்றாத எண்ணெயை வைத்துக்கொண்டு மலை இறங்குவது எப்படி என்று நீங்களே பாருங்கள். எண்ணெய் கொதித்தால் குமிழி வரும், குமிழி நசுங்கும், பெடல் தரையைத் தொடும்.

கருகும் வாடை வந்ததும் சிலர் ஓரமாக நிறுத்தி, போத்தல் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுகிறார்கள். செய்யாதீர்கள். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணலாகும், விரிசலும் விடலாம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் விட்டுவிட்டால் போதும். பக்கத்தில் ஒராங் அஸ்லி கடைகளில் பெத்தாய் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று 'என்'னில் (நியூட்ரல்) போட்டு உருட்டி வருவது இதைவிட மோசம். கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. 'என்'னில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. வேகம் கூடியபின் பதறி மறுபடி 'டி'க்குத் தள்ளும்போது, சும்மா சுற்றிக்கொண்டிருந்த எஞ்சினையும் வேகமாக ஓடும் சக்கரத்தையும் அந்தச் சிறு தட்டுகள் ஒரே நொடியில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கியர்பாக்ஸ் மேல் அக்கறை இருப்பவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இப்போது நிறையப் பிள்ளைகள் ஆட்டோ காருக்கு மட்டுமான 'டி.ஏ.' உரிமம் எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் கியர் என்ன செய்கிறது என்று அவர்கள் கால் அறியாமலே போய்விடுகிறது. "மாமா, ஆட்டோதானே, அதுவே பார்த்துக்காதா?" என்று கேட்பார்கள். சில புதிய கார்கள் இறக்கத்தை உணர்ந்து தாமே ஒரு கியர் இறக்கும். மற்றவை, காலை எடுத்ததும் சாலை தட்டையானது என்று நினைத்து மேல் கியருக்குப் போகும். முன்னால் கொண்டை ஊசி வளைவு இருப்பதும், அதற்கப்பால் காய்கறி லோரி ஊர்ந்து வருவதும் கியர்பாக்ஸுக்குத் தெரியாது, தம்பி.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். பட்டணத்துக்குள் ஒவ்வொரு விளக்குக்கும் 3, 2, 'எல்' என்று இறக்கி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பந்தய ஓட்டுநர் நினைப்பில். அதனால் கியர்பாக்ஸ் உடைந்துவிடாது. ஆனால் தேவையில்லாத தேய்மானம். பிரேக் பேட் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கியர்பாக்ஸைக் கழற்றித் தட்டு மாற்றுவது அப்படியா?

தோட்டத்துச் சாலையில் நடப்பவை

கியர்பாக்ஸைக் கெடுக்கும் பழக்கம் மலையைவிட செம்பனைக் காட்டுக்குள்தான் அதிகம். மழை பெய்த செம்மண் பாதையில் சக்கரம் புதைந்துவிடும். உடனே 'டி', 'ஆர்', 'டி', 'ஆர்' என்று மாற்றி மாற்றி ஆக்சிலரேட்டரை மிதித்து ஆட்டுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தைக் கிளட்ச் தட்டு நிறுத்தித் திருப்ப வேண்டும். ஆட்டோ கியர் எண்ணெய் வழக்கமாக 80, 90 டிகிரியில் வேலை செய்யும். 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெடத் தொடங்கும். புதைந்த வண்டியில் அந்தச் சூடு வர நேரம் பிடிக்காது. இரண்டு காய்ந்த செம்பனை மட்டையை முன் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, மெதுவாக மிதித்தால் வண்டி வந்துவிடும். வராவிட்டால் ஆள் கூப்பிடுங்கள்.

கூப்பிட்ட ஆள் டிராக்டரோடு வந்தால் அடுத்த ஆபத்து. சேற்றிலிருந்து சில அடி இழுப்பது வேறு. எஞ்சின் ஓடாத ஆட்டோ காரை முன் சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டிப் பட்டணம் வரை இழுத்து வருவது வேறு. எண்ணெயைச் சுற்றிவிடும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே பற்கள் எண்ணெய் இல்லாமல் உரசும். முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது தட்டையான தளமுள்ள லோரியில் காரை ஏற்ற வேண்டும்.

சரிவில் நிறுத்தும்போது 'பி' மட்டும் போட்டுவிட்டு இறங்குவதும் இங்கே வழக்கம். காரின் முழு எடையும் உள்ளே இருக்கும் ஒரு சிறிய இரும்புக் கொக்கியில் தொங்கும். காலையில் எடுக்கும்போது 'டக்' என்று அதிர்வது அதனால்தான். கால் பிரேக், 'என்', கைப்பிரேக், காலை விடுதல், அப்புறம் 'பி'. பழகிவிட்டால் இரண்டு நொடி.

எண்ணெய் விஷயம்

சி.வி.டி. கார்களில் 1, 2, 3 என்று படிப்படியான கியர் கிடையாது; இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பெல்ட்டோ சங்கிலியோ ஓடும். அவற்றிலும் இறக்கத்துக்கென்று 'எஸ்', 'பி' (B; நிறுத்தும் P அல்ல), 'எல்' போன்ற நிலைகள் உண்டு, பயன்படுத்தலாம். ஆனால் இவை சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயைத் தாங்காது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், காரின் பெயரை மட்டும் சொல்லி எண்ணெய் கேட்கும்போது. புரோட்டோன் சாகா 2011-இல் சி.வி.டி.க்கு மாறியது, 2019-இல் நான்கு கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. பெரோடுவா மைவி 2005-இலிருந்து நான்கு கியர் ஆட்டோ, 2021 கடைசியில் சி.வி.டி.க்குப் போனது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. வருடத்தைச் சொல்லுங்கள், கையேட்டில் போட்டிருக்கும் எண்ணெய் வகையைக் காட்டுங்கள்.

'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று விற்பவர் சொன்னாலும், நம் சூட்டுக்கும் மலைக்கும் அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று தனி இடைவெளி போட்டிருந்தால், கேமரன் ஏறி இறங்குகிற காருக்கு அதுதான் பொருந்தும். பல வருடம் மாற்றாத காரில் ஒரே நாளில் இயந்திரம் வைத்து அத்தனையையும் கழுவி எடுப்பதைவிட, வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவதையே நான் விரும்புவேன். பட்டறையில் வடித்த எண்ணெயை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கரும்பழுப்பாக இருந்து, கருகிய வாடை அடித்தால் தட்டுகள் ஏற்கெனவே சூடு பட்டிருக்கின்றன.

காலையில் 'டி' போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து வண்டி நகர்வது, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருப்பது, ஒவ்வொரு மாற்றத்திலும் இடிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உடனே கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று போர்மன் சொன்னால், முதலில் எண்ணெய் அளவைப் பார்த்து, கணினியில் பழுதுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் குறைந்திருப்பதும், எண்ணெய் வழியைத் திறந்து மூடும் ஒரு சோலினாய்ட் ஒட்டிக்கொள்வதும் இதே அறிகுறிகளைக் காட்டும். பல கார்களில் அவற்றைச் சரிசெய்ய கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டியதில்லை.